கல்லில் நார் உரித்த கதை

கஞ்சத்தனம் மிக்கவரைப் பார்த்து "அவர் கல்லிலேயே நார் உரிப்பவராச்சே" என்று நம் வீடுகளில் கேலி பேசுவார்கள். நடக்காத காரியத்தைச் சொல்லப் பிறந்த வழக்கு அது. ஆனால் நார் உரியக்கூடிய கல் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. சுத்தியலால் தட்டினால் பொடியாகாது, பஞ்சைப் போல இழை இழையாகப் பிரியும். அதை நூலாகத் திரிக்கலாம், துணியாக நெய்யலாம், அந்தத் துணியை நெருப்பில் போட்டால் எரியாமல் வெளியே வரும். ஆங்கிலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்கிறார்கள். 'அணைக்க முடியாதது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல் அது. தமிழில் கல்நார். கிரேக்கச் சொல்லைவிட நம்முடைய சொல் நேர்மையானது என்பது என் கருத்து. அந்தப் பொருள் என்ன என்பதையும், அது ஏன் ஆபத்தானது என்பதையும் அந்த ஒரே சொல் சொல்லிவிடுகிறது. அது கல், அதே சமயம் நார்.

பேரவையின் மலர்க்குழுத் தம்பி ஒருவர் சென்ற மாதம் அழைத்து, "அண்ணே, உங்கள் வேலையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும். படிப்பவர்கள் எல்லாரும் பொறியியல் மாணவர்கள் இல்லை, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்" என்றார். என் வேலை இதுதான்: சிங்கப்பூரில் பழைய கட்டடங்களை இடிப்பதற்கு அல்லது புதுப்பிப்பதற்கு முன் அவற்றில் கல்நார் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இருந்தேன். அதே வாரத்தில் ஜொகூரிலிருந்து அம்மா அழைத்தார்.

"அடுப்படிக் கூரை ஒழுகுதுய்யா. தம்பி ஆள் பேசிட்டான். சனிக்கிழமை வந்து பழைய சீட்டை எல்லாம் உடைச்சி எடுத்திட்டு தகரம் போடப் போறாங்க."

அப்பா பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் 1984இல் வாங்கிய மலிவு விலை வீடு அது. முன்பக்கம் ஓடு, பின்பக்க அடுப்படிக்குச் சாம்பல் நிறத்தில் அலையலையான சிமெந்துத் தகடு. அந்தத் தகட்டின் கீழே உட்கார்ந்துதான் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்தேன். மழை பெய்தால் அதன் சத்தத்தில் அம்மா கூப்பிடுவது கேட்காது. பதினெட்டு ஆண்டுகளாக ஊரார் கூரைகளை எல்லாம் சோதித்துவரும் நான், என் வீட்டுக் கூரையைப் பற்றி ஒருமுறைகூட யோசிக்கவில்லை என்பது அந்தத் தொலைபேசி அழைப்பில்தான் உறைத்தது.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். கல்நார் என்பது ஒரே கனிமம் அன்று, ஒரு குடும்பம். வணிகத்தில் புழங்கியவை முக்கியமாக மூன்று: வெள்ளை, பழுப்பு, நீலம். வெள்ளை இழை சுருண்டு நெளியும். நீலமும் பழுப்பும் ஊசிபோல் நேராக நிற்கும். கட்டடத் துறைக்கு இது வரப்பிரசாதமாகத்தான் வந்து சேர்ந்தது. எரியாது, துருப்பிடிக்காது, கறையான் தின்னாது, வெப்பத்தையும் சத்தத்தையும் தடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மலிவு. 1900ஆம் ஆண்டு வாக்கில் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் என்பவர், காகிதம் செய்யும் முறையைப் போலவே சிமெந்தையும் கல்நாரையும் நீரில் கரைத்து மெல்லிய தகடுகளாக வார்க்கும் வழியைக் கண்டுபிடித்தார். தகட்டின் எடையில் பத்திலொரு பங்கு அளவுக்குக் கல்நார் கலந்தால் போதும். கம்பி இல்லாமலே கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டியதுபோல் அது உறுதி பெற்றுவிடும். அத்தாப்புக் கூரையிலும் தகரக் கூரையிலும் வாழ்ந்த வெப்பமண்டல ஏழைகளுக்கு அந்தத் தகடு ஒரு முன்னேற்றமாகவே இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை.

கூரை மட்டுமல்ல. மேற்கூரைப் பலகை, தடுப்புச் சுவர், கொதிநீர்க் குழாயைச் சுற்றிய உறை, தீத்தடுப்புக் கதவின் உள்ளீடு, பழைய வினைல் தரைச்சதுரம், அதை ஒட்டிய கறுப்புப் பசை என்று அது போகாத இடமில்லை. என் வேலையில் பாதி நேரம் ஏணியின் மேலும் மீதி நேரம் தரையில் முழங்காலிட்டும் போவது இதனால்தான்.

இனி அது கொல்லும் விதம். கல்நார் வழக்கமான நஞ்சுபோல் வேலை செய்வதில்லை. இரத்தத்தில் கரைந்து உடலைக் கெடுப்பது அதன் வழியன்று. அது கெடுதி செய்வது அதன் உருவத்தால்தான். ஓர் இழையை நீளவாக்கில் பிளந்தால் அது மேலும் மெல்லிய இழைகளாகிறது, அவற்றையும் பிளந்தால் இன்னும் மெல்லியவை. கடைசியில் தலைமுடியில் நூற்றிலொரு பங்கு தடிமன்கூட இல்லாத இழைகள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, வாடை கிடையாது, இருமல்கூட வராது. நுரையீரலின் அடி ஆழத்துக்குப் போய்ப் படிந்த பிறகு, அங்கே காவல் காக்கும் வெள்ளணுக்கள் அதை விழுங்கப் பார்க்கின்றன. விழுங்க முடியாத அளவுக்கு அது நீளம். விழுங்க முயன்ற அணு செத்துப்போகிறது, அந்த இடம் அழற்சி கொள்கிறது, தழும்பு விழுகிறது. அடுத்த அணு வருகிறது. கல் அல்லவா, அது அசைவதில்லை. இந்தச் சண்டை இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் நடக்கும். முடிவில் நுரையீரல் இறுகிப்போகும் கல்நார் நோய், அல்லது நுரையீரல் புற்றுநோய், அல்லது நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் வரும் மீசோதிலியோமா என்ற புற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வேலையிடத்தில் கல்நாரைச் சுவாசித்ததால் ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள்.

அந்த நாற்பது ஆண்டு இடைவெளிதான் இந்தக் கதையின் வில்லன். குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையே நாற்பது ஆண்டு இருந்தால் எந்த அரசாங்கத்துக்குத்தான் அவசரம் வரும்? தகட்டை விற்றவர் ஓய்வு பெற்றிருப்பார், வேலை வாங்கிய குத்தகையாளர் கடையை மூடியிருப்பார், அனுமதி கொடுத்த அமைச்சர் சிலையாகியிருப்பார். நோயாளி மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

விஷயம் தெரியாமல் இருந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்பாலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் தம் 33ஆவது வயதில் இறந்தார். அவரது நுரையீரலில் கல்நார்த் துகள்கள் இருந்ததை மருத்துவர் குக் எழுதி வெளியிட்டார். 1930இல் மெரிவெதர், பிரைஸ் என்ற இருவர் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காக 363 ஆலைத் தொழிலாளர்களைச் சோதித்தபோது நான்கில் ஒருவருக்கு மேல் நுரையீரல் தழும்பு இருந்தது. 1931இலேயே அங்கே சட்ட விதிகள் வந்துவிட்டன.

ஆனால் அந்த விதிகள் யாருக்கு? ஆலைக்குள் இருந்தவர்களுக்கு. ஆலையிலிருந்து வெளியே போன தகட்டை அறுத்த தச்சருக்கும், கப்பலில் குழாய்க்கு உறை கட்டியவருக்கும் இல்லை. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவருடைய சகாக்களும் 33 மீசோதிலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியைச் சேர்ந்தவர்கள் அவர்களில் மிகப் பலர். அதிர்ச்சி என்னவென்றால், அவர்களில் சிலர் சுரங்கத்தில் இறங்கியதே இல்லை. பக்கத்தில் வாழ்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பிரிட்டன் நீலத்தையும் பழுப்பையும் தடை செய்தது 1985இல், வெள்ளையைத் தடை செய்தது 1999இல். முதல் விதிக்கும் முழுத் தடைக்கும் இடையே 68 ஆண்டு. தாத்தா காலத்தில் ஆரம்பித்த வேலை பேரன் காலத்தில் முடிந்தது.

அமெரிக்காவின் கதை இன்னும் விசித்திரம். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இதைத் தேடிப் படிக்க வேண்டும். அங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவை பத்தாண்டுகள் ஆதாரம் திரட்டி 1989இல் பெரும்பாலான கல்நார்ப் பொருள்களைத் தடை செய்தது. தொழில் நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையின் பெரும்பகுதியை நீக்கியது. கல்நார் பாதுகாப்பானது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தடை என்பது கடைசி ஆயுதம், அதைவிடச் சுமை குறைந்த வழி எதுவும் போதாது என்பதை முகவை காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை என்றது. சட்டத்தில் 'மிகக் குறைந்த சுமை' என்று நுழைந்திருந்த சில சொற்கள் கால் நூற்றாண்டு நின்று கழுத்தைப் பிடித்தன. 2016இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. 2024 மார்ச்சில்தான் வெள்ளைக் கல்நாருக்குத் தடை அறிவிக்கப்பட்டது. ஒரு வாசகத்தை எப்படி எழுதுகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மொழிப் பேரவையினருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கனடாவில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் வைத்துக்கொண்ட ஓர் ஊர் இருந்தது. சுரங்கம் மூடியது, 2018இல் நாடே கல்நாரைத் தடை செய்தது, 2020இல் ஊர் மக்கள் வாக்களித்துப் பெயரையே மாற்றிக்கொண்டார்கள்.

நம் பக்கம் வருவோம். சிங்கப்பூர் 1980இல் தொழிற்சாலைகளுக்குக் கல்நார் விதிகளைக் கொண்டுவந்தது. 1989இலிருந்து கட்டடங்களில் கல்நார்ப் பொருள்களைப் பயன்படுத்தக் கூடாது. பிரிட்டனின் முழுத் தடைக்குப் பத்தாண்டு முந்தியது என்பதைக் கவனிக்கவும். மலேசியாவில் 1986இல் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின்கீழ் கல்நார் விதிகள் வந்தன. 1999இல் நீலக் கல்நாரின் பயன்பாடு தடை செய்யப்பட்டது. வெள்ளை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை.

இந்த விதிகளில் ஓர் எண்ணிக்கை வரும்: ஒரு மில்லிலிட்டர் காற்றில் இத்தனை இழை. மலேசியாவின் 1986 விதியில் அது 1. சிங்கப்பூரில் 0.1. கேட்க மிகச் சிறியதாகத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் போடலாம். மில்லிலிட்டருக்கு 0.1 என்றால் லிட்டருக்கு 100. இலேசான வேலை செய்யும் ஒருவர் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் காற்றை இழுக்கிறார் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் நிமிடத்துக்கு 1,000 இழை. எட்டு மணி நேரத்தில் 4 இலட்சத்து 80 ஆயிரம். இது கடுமையான விதியின் உச்ச அளவு. மற்றதற்குப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். சட்டத்தின் எண் ஆபத்தில்லாத எல்லையைக் காட்டுவதில்லை. அளக்க முடிவது, தொழிலால் தாங்க முடிவது, மருத்துவம் பயப்படுவது ஆகிய மூன்றும் பேரம் பேசி எழுதிக்கொண்ட கணக்கு அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. 0.1க்குக் கீழே வந்தால் நிம்மதியாகச் சாப்பிடப் போவேன்.

தடை என்பது எளிதான பாதி. இனிமேல் போடாதே என்று சொல்லிவிடலாம். ஏற்கெனவே போட்டதை என்ன செய்வது? இங்கேதான் சிங்கப்பூரின் 2014ஆம் ஆண்டு விதிகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அந்த ஆண்டு மே முதல் தேதி நடப்புக்கு வந்தவை அவை. 1991 ஜனவரி முதல் தேதிக்கு முன் கட்டிய கட்டடம் என்றால், இடிக்கும் அல்லது உடைத்துப் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கும் முன் தகுதி பெற்ற ஒருவரை வைத்துக் கல்நார் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கடமை உரிமையாளரின் அல்லது குடியிருப்பவரின் தலையில். இருந்தால் மனிதவள அமைச்சுக்கு முன்கூட்டியே தெரிவித்து, அங்கீகாரம் பெற்ற குத்தகையாளரைக் கொண்டு அகற்ற வேண்டும்.

அதாவது "தெரியாதுங்க" என்ற பதிலுக்கு இடமில்லாமல் செய்தார்கள். அதன் அருமை எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியுமா என்பது சந்தேகம். காரணத்தைச் சொல்கிறேன்.

பட்டம் வாங்கிய கையோடு 2006இல் ஒரு புதுப்பிப்புத் தளத்தில் மேற்பார்வைக்குச் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பழைய அலுவலகக் கட்டடம். மூன்றாவது மாடியின் மேற்கூரைப் பலகைகளை ஐந்து ஊழியர்கள் கடப்பாரையால் நெம்பிக் கீழே தள்ளினார்கள். காய்ந்த பலகை, விழுந்து விழுந்து உடைந்தது. சன்னல் வழியே வந்த வெயிலில் தூசு தங்கம்போல் மின்னியது இன்றும் நினைவிருக்கிறது. மூவர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் துண்டை மூக்கில் கட்டியிருந்தார். நான் அதுகூடக் கட்டவில்லை; கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். பிற்பகலில் வந்த மூத்த பொறியாளர் ஒருவர் பலகையின் உடைந்த விளிம்பைப் பார்த்தார், எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். மறுவாரம் ஆய்வக முடிவு வந்தது. பழுப்பும் வெள்ளையும்.

அரை நாள் தூசால் எனக்குப் பெரிய ஆபத்து வந்துவிடாது என்று படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். ஆபத்து என்பது எவ்வளவு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது. ஆனால் அந்த ஐவருக்கு அதுதான் தினசரி வேலை. அடுத்த தளம், அடுத்த மேற்கூரை. வேலை அனுமதி முடிந்து ஊருக்குப் போயிருப்பார்கள். 2046இல் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் யாருக்காவது மூச்சு வாங்கினால், அதைச் சிங்கப்பூரில் ஒரு மூன்றாவது மாடியோடு யார் சேர்த்துப் பார்க்கப் போகிறார்கள்? நான் இந்தத் துறைக்குள் வந்தது அந்தக் கேள்வியால்தான்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் கல்நார்த் தொழிலாளர்கள் பற்றிய வழக்கில், ஒவ்வொரு தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது ஓய்வு பெற்றபின் 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நோயின் நிதானத்தை நீதிபதிகள் சரியாகப் புரிந்துகொண்ட தீர்ப்பு. ஆனால் அது தாயகத்தில் வேலை செய்தவர்களுக்கு. கடல் கடந்து வந்து நம் கூரைகளைப் பிரித்தவர்களின் பதிவேடு யாரிடம் இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிடங்கின் கூரையை முறைப்படி அகற்றும் இடத்தில் இருந்தேன். முறைப்படி என்றால் பெரிய ஏற்பாடு. சுற்றிலும் தடுப்பு, எச்சரிக்கைப் பலகை, தகட்டின் மேல் நீர் தெளித்துக்கொண்டே இருக்க ஓர் ஆள். ஆணியைப் பிடுங்காமல் திருகைக் கழற்றி, தகட்டை உடைக்காமல் முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, முத்திரை ஒட்டி, உரிமம் பெற்ற நச்சுக் கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பது. ஊழியர்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பும் வடிகட்டி பொருத்திய முகக் கவசமும் அணிந்திருப்பார்கள். ஓய்வு நேரத்தில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "சார், எங்க வீட்டுக் கூரையே இதுதான். போன வருசம்தான் புதுசா வாங்கிப் போட்டோம். அப்ப நானே மிசின் வச்சி அறுத்தேன். இதுக்குப் போயி நிலாவுக்குப் போற மாதிரி உடுப்பு எதுக்கு?"

கிண்டலாகத்தான் கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. வெள்ளைக் கல்நார் சிமெந்துத் தகடு இந்தியாவில் சட்டப்படியே விற்கப்படுகிறது. ஒரே மனிதர், ஒரே தகடு. இங்கே அது நச்சுக் கழிவு, அங்கே அது புதுக் கூரை. அபாயகரமான இரசாயனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ரோட்டர்டாம் உடன்படிக்கையில் வெள்ளைக் கல்நாரையும் சேர்க்க வேண்டும் என்று 2006 முதல் திரும்பத் திரும்ப முன்மொழிகிறார்கள். சேர்த்தால் தடை என்றுகூட அர்த்தமில்லை; வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டித் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும், அவ்வளவே. ஆனால் எல்லா நாடுகளும் ஒருமனதாக ஏற்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் விற்கிற நாடோ வாங்குகிற நாடோ சில கையைத் தூக்கித் தடுத்துவிடுகின்றன. அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: கூரையை அப்படியே விடுங்கள், அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், பழசு உடைந்தால் நனைத்துவிட்டுத் தொடுங்கள். உடையாத தகடு சிமெந்தின் பிடியில் இருக்கும்வரை பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

கல்நார் பழைய கதை, நமக்கென்ன என்று நினைக்கும் இளையவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. புது அலமாரியைத் திறந்தால், புதிதாகச் சாயம் பூசிய அறைக்குள் போனால் கண் எரிகிறதே, அதற்குக் காரணமானவற்றில் பார்மால்டிஹைட் ஒன்று. ஒட்டுப்பலகையின் பசையிலிருந்து மாதக்கணக்கில் கசியும் வாயு. 2004இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை அதை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. 0.01 விழுக்காடோ அதற்கு மேலோ அது கலந்த உட்புறச் சாயங்களைச் சிங்கப்பூர் 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்திருக்கிறது. 22 ஆண்டு. கல்நாரோடு ஒப்பிட்டால் வேகம்தான்.

சனிக்கிழமைக்கு முன் வெள்ளிக்கிழமை இரவே பாலத்தைத் தாண்டி ஊருக்குப் போனேன். காலையில் கூரை போடுபவர் இரண்டு ஆட்களோடும் ஒரு லோரியோடும் வந்துவிட்டார். நல்ல மனிதர், நாற்பது வருட அனுபவம். "இந்தச் சீட்டா? நான் ஆயிரம் சீட்டு உடைச்சிருக்கேன், தம்பி. எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். இருபத்தைந்து வயதில் உடைக்கத் தொடங்கியவர், இப்போது அறுபத்தைந்து. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவரிடம் அன்றைக்கான கூலியைக் கொடுத்து, வேலையைத் தள்ளிப்போடச் சொன்னேன். தம்பிக்குக் கோபம். "சிங்கப்பூர்ச் சட்டத்தையெல்லாம் இங்கே கொண்டாந்துட்டே" என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கல்நார்த் தூசும் இழைக் கழிவும் மலேசியாவிலும் அட்டவணைக் கழிவுதான். 2005ஆம் ஆண்டு விதிகளில் அதற்கு எஸ்.டபிள்யூ. 201 என்று எண்ணே இருக்கிறது. சட்டம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலையின் மொழியில் எழுதப்பட்டது. தாமானில் குடியிருக்கும் ஒரு மூதாட்டி தம் அடுப்படிக் கூரையின் ஆறு தகட்டை யாரிடம் கொடுப்பது என்று கேட்டால் அதில் பதில் கிடைப்பது கடினம். ஒரு துண்டைக் கோலாலம்பூரிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வெள்ளை என்று வந்தது. பிறகு தொலைபேசியில் உட்கார்ந்தேன். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது. கழிவு எடுக்கும் நிறுவனம் ஒன்று, எத்தனை டன் என்று கேட்டது. ஆறு தகடு என்றதும் எதிர்முனையில் சிரிப்புச் சத்தம். இன்னொரு நிறுவனம் விலை சொன்னது. அந்த விலைக்கு அடுப்படியையே புதிதாகக் கட்டலாம்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கூரைக்காரரையே மறுபடி அழைத்தேன். முகக் கவசங்களும் உடுப்பும் நான் கொண்டுபோனேன். அண்டை வீட்டாரிடம் அன்று காலை சன்னலைச் சாத்தி வைக்கச் சொன்னோம். தோட்டக் குழாயில் சன்னமாக நீர் தெளிக்கத் தம்பி நின்றான். திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஆறு தகட்டையும் ஒரு கீறல் விழாமல் இறக்கினார்கள். முழு வேலைக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. கூரைக்காரர் கவசத்தைக் கழற்றிவிட்டு, "இப்படியும் செய்யலாம் போலிருக்கே" என்றார். கவசத்தை வைத்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டார். ஒரு பெட்டி வடிகட்டிகளையும் சேர்த்துக் கொடுத்தேன்.

இரண்டு சுற்றுப் பிளாஸ்டிக்கில் கட்டி, மேலே மலாயிலும் தமிழிலும் 'கல்நார், தொடாதே' என்று எழுதி, ஆறு தகடும் வீட்டின் பின்புறம் ரம்புத்தான் மரத்தடியில் செங்கல் அடுக்கி அதன்மேல் கிடக்கின்றன. பக்கத்துத் தாமானில் அதே ஆண்டு கட்டிய வீடுகள் வரிசையாக இருக்கின்றன. எல்லார் தகடும் சேர்ந்தால் ஒரு டன் தேறுமா என்று கேட்டுப் பார்க்கத் தம்பி இப்போது வீடு வீடாகப் போய்வருகிறான். இதுவரை ஒன்பது வீட்டார் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று அம்மா அழைத்தார். சமமாகவும் வெயில் படும் இடமாகவும் இருக்கிறதாம். தகட்டின்மேல் முறுக்கு வற்றல் காயப்போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்போ லோரி எப்பய்யா வரும்?" என்றார்.